பத்து கேள்விகளும் ஒரு தனி அறையும்

கர்ப்பமாக இருந்தபோது எனக்கு முதலில் கொடுத்தது, மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்கும் பிஎச்க்யூ-9 படிவம். கடந்த 2 வாரங்களில் தூக்கம் எப்படி, பசி எப்படி, அசதியாக இருக்கிறதா என்றெல்லாம் 9 கேள்விகள். வயிற்றில் பிள்ளையோடு இருப்பவள் இந்த மூன்றுக்கும் வேறு என்ன பதில் சொல்வாள்? மொத்த மதிப்பெண், சந்தேகப்பட வேண்டிய எல்லையான 10-ஐத் தாண்டிவிட்டது. நல்லவேளை, டாக்டர் ஒவ்வொரு பதிலாக எடுத்துப் பேசினார். உடம்பு படுத்தும் பாடுதான், மனச்சோர்வு இல்லை, ஆனால் பிரசவத்துக்குப் பிறகு மறுபடி பார்க்க வேண்டும் என்றார்.

பிரசவத்துக்குப் பிறகு வந்தது எடின்பரோ அளவுகோல். அதுவும் மனச்சோர்வைப் பார்க்கும் படிவம்தான், ஆனால் பிள்ளை பெற்றவர்களுக்கென்றே 1987-இல் உருவாக்கியது. கடந்த 7 நாட்களைப் பற்றி 10 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 30. எண் கூடக் கூடச் சந்தேகமும் கூடும். அசதி, பசி பற்றி இதில் கேள்வியே கிடையாது. தூக்கத்தைக்கூட, மனம் வருந்தித் தூக்கம் கெட்டதா என்றுதான் கேட்கிறார்கள். யோசித்துச் செய்த படிவம் இது.

ஆனால் அதை நிரப்பிய விதம் சரியில்லை. அம்மாவும் மாமியாரும் பக்கத்தில் இருக்க, நர்ஸ் சத்தமாக வாசித்தார். சிரிக்க முடிகிறதா என்ற கேள்விக்கு அம்மாவே, "நல்லாத்தான் இருக்கா" என்று சொல்லிவிட்டார். மதிப்பெண் 6.

குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போனபோது வேறொரு நர்ஸ் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, படிவத்தை என் கையில் கொடுத்தார். இந்த முறை 16. தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றிய 10-வது கேள்வியில் 1 போட்டிருந்தேன். அந்த ஒரு பதிலுக்காகவே, மொத்தம் எவ்வளவு இருந்தாலும், அன்றே டாக்டரைப் பார்க்காமல் போகக்கூடாது என்று என்னை உட்காரவைத்தார். அவருக்கு நான் என்றும் கடமைப்பட்டிருக்கிறேன்.

டாக்டர் எண்ணைப் பார்த்தவுடன் மாத்திரை எழுதவில்லை. சில இடங்களில் 10, சில இடங்களில் 13 என்று எல்லை வைக்கிறார்கள். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2020 கட்டுரை ஒன்று 11 என்கிறது. எதுவானாலும் அது சந்தேகத்தைத்தான் காட்டும், நோயைச் சொல்லாது என்று விளக்கினார். அப்புறம் நிதானமாகக் கேட்டார். முதல் 2 வாரங்களில் பலருக்கும் வரும் அழுகை உங்களுக்கு அதன் பிறகும் நீடிக்கிறதா? முன்பு இப்படி இருந்ததுண்டா? தூக்கமே தேவைப்படாமல் உற்சாகமாகத் திரிந்த நாட்கள் உண்டா? அப்படியென்றால் சிகிச்சையே வேறாம். "குழந்தை தூங்கும்போது உங்களால தூங்க முடியுதா?" என்றார். முடியவில்லை. அதைச் சொல்லும்போதுதான் எனக்கே விஷயம் உறைத்தது. தைராய்டு, ரத்தசோகைக்கும் சோதனை எழுதினார். அவையும் இப்படிச் சோர்வைக் காட்டுமாம்.

சோதனைகளில் ஒன்றுமில்லை. மனநல ஆலோசனை தொடங்கியது. இடையிடையே அதே படிவத்தைத் தனியாக நிரப்பினேன். மொத்தம் மெல்ல இறங்கியது. காரணமில்லாமல் என்னையே குறைசொல்லிக்கொள்கிறேனா என்ற 3-வது கேள்வி மட்டும் 2-லேயே நின்றது. ஆலோசகர் மொத்தத்தை ஒதுக்கிவைத்துவிட்டு அந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டார். அதற்கப்புறம் எங்கள் பேச்சு பெரும்பாலும் அதைப் பற்றித்தான்.