பாம்புக்கடி தீசிஸுக்கு டிசைன் தேடிய கதை

எம்.டி. முதல் வருடம், தீசிஸ் புரோட்டோகால் (ஆய்வை எப்படிச் செய்யப்போகிறோம் என்ற திட்டம்) கொடுக்க மூன்று வாரம்தான் இருந்தது. கண்ணாடி விரியன் கடித்து வருகிறவர்களில் சிலருக்கு மட்டும் சிறுநீரகம் பழுதாகிறதே, ஆஸ்பத்திரிக்குத் தாமதமாக வந்ததுதான் காரணமா என்பது என் கேள்வி. ரேண்டமைஸ்டு டிரயல் (நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிடும் ஆய்வு) என்றால்தான் மதிப்பு என்று மனதில் ஊறியிருந்ததால் முதலில் அதைத்தான் எழுதிக்கொண்டு போனேன். கைடு மேடம் ஒரு பக்கம் படித்துவிட்டு, “எந்த நோயாளியைச் சீட்டுக் குலுக்கிப் போட்டு ஆறு மணி நேரம் காக்க வைப்பாய்?” என்று கேட்டார்.

டிரயல் என்பது நாம் கொடுக்கிற சிகிச்சையைச் சோதிக்க. அதுவும் எது மேல் என்று உண்மையிலேயே தெரியாதபோதுதான் செய்யலாம். 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வை அவர் எடுத்துக் காட்டினார். 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, பாதிப் பேருக்கு காசநோய் மருத்துவமனையான சானடோரியத்திலும் மீதிப் பேருக்கு வீட்டிலும் ஒரே மருந்தைக் கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள், கூட இருந்தவர்களுக்குத் தொற்று கூடவும் இல்லை. அங்கே குலுக்கலுக்கு நியாயம் இருந்தது.

குறுக்குவெட்டு ஆய்வு இன்றைக்கு எத்தனை பேருக்கு ஒரு நோய் இருக்கிறது என்று எண்ணுவதற்கு நல்லது. எனக்கு எது முதலில், எது பிறகு என்று தெரிய வேண்டும், அதனால் அதை விட்டேன்.

அப்புறம் கேஸ் கன்ட்ரோல். சிறுநீரகம் பழுதானவர்கள், ஆகாதவர்கள் என்று இரண்டு கூட்டத்தை எடுத்துப் பின்னோக்கிப் பார்ப்பது. அரிதான நோய்க்கும் கையில் நேரம் குறைவாக இருப்பவர்களுக்கும் இதைவிட நல்ல வழி இல்லை. 1950-ல் டால், ஹில் என்ற இரண்டு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் 709 நுரையீரல் புற்றுநோயாளிகளையும் அதே எண்ணிக்கையில் மற்ற நோயாளிகளையும் வைத்துப் புகைபிடிப்பதற்கும் அந்தப் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை இப்படித்தான் பிடித்தார்கள். சரி, நாமும் செய்யலாம் என்று மூன்று நாள் ரெக்கார்டு ரூமில் உட்கார்ந்தேன். முதலில் பிரித்த நாற்பது கேஸ் ஷீட்டில் கடித்த நேரம் எழுதியிருந்தது பதினொன்றில்தான். அந்தப் பதினொன்றில் ஒன்பது டயாலிசிஸ் போனவர்களுடையவை! நிலைமை மோசமானதும் ஹவுஸ் சர்ஜன்கள் திரும்பத் திரும்பக் கேட்டு எழுதியிருக்கிறார்கள், இரண்டாம் நாளே வீட்டுக்குப் போனவர்களிடம் யாரும் கேட்கவே இல்லை. இதை வைத்துக் கணக்குப் போட்டால் வருவது பாம்பைப் பற்றிய விடையாக இருக்காது, யாரிடம் கேட்டோம் என்பதைப் பற்றிய விடையாகத்தான் இருக்கும். டிசைனைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் தயவுசெய்து பத்து பழைய கேஸ் ஷீட்டையாவது பிரித்துப் பாருங்கள்.

கடைசியில் கோஹார்ட். விளைவு தெரிவதற்கு முன்பே ஆட்களைச் சேர்த்து, என்ன ஆகிறது என்று தொடர்ந்து பார்ப்பது. கேஷுவாலிட்டிக்குள் வந்த உடனே, 20 நிமிட ரத்த உறைதல் சோதனைக்கு ஊசி குத்தும்போதே, நேரத்தைக் கேட்டு எழுதிவிடுவது. சிறுநீரகம் என்ன ஆகும் என்று அப்போது எனக்கும் தெரியாது, நோயாளிக்கும் தெரியாது. பிறகு தினமும் கிரியாட்டினின், அதாவது சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தச் சோதனை. நூறில் எத்தனை பேருக்குப் பழுதாகிறது என்று நேரடியாகச் சொல்லவும் முடியும், கேஸ் கன்ட்ரோலில் அது முடியாது. ஆனால் ஒன்றரை வருடம் பிடித்தது, சொல்லாமல் கிளம்பிப் போனவர்களுக்குப் போன் போட்டே பாதி மாலைகள் போயின.

நேரம் கேட்டால் யாரும் இத்தனை மணி என்று சொல்வதில்லை. “பால் கறக்கும்போது”, “கடைசி பஸ் போன பிறகு” என்பார்கள். அதனால் புரோஃபார்மாவில் (விவரம் எழுதும் படிவத்தில்) இரண்டு கட்டம் வைத்தேன்: இடது பக்கம் அவர்கள் சொன்னது அப்படியே, வலது பக்கம் கூட வந்தவரிடம் அந்த பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டுப் போட்ட நேரம்.