லாவா கொஞ்சம் கூட்டுங்கள்

வெளிநாட்டு கேம் கம்பெனிகளுக்குப் பின்னணி வரைந்து கொடுக்கிற ஸ்டுடியோவில் வேலை பார்ப்பவர்களுக்கு நரகம் அடிக்கடி வந்து போகிற இடம். காடு, கோட்டை, விண்கலம், அப்புறம் நரகம். கிளையன்ட் எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் சரி, ரெஃபரன்ஸ் ஃபோல்டரைத் திறந்தால் அதே படங்கள்தான் இருக்கும். இத்தாலிய ஓவியர் போட்டிச்செல்லி வரைந்த புனல் மாதிரியான நரக வரைபடம், பிரெஞ்சு ஓவியர் குஸ்தாவ் தொரேயின் கறுப்பு வெள்ளைப் படங்கள், பழைய கேம்களின் ஸ்கிரீன்ஷாட் சில. எல்லாவற்றுக்கும் மூலம் இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் ‘டிவைன் காமெடி’, அதில் நரகம் ஒன்பது வட்டங்களாகக் கீழே இறங்குகிறது. அனுப்புகிறவர்களில் பலர் அதைப் படித்திருக்க மாட்டார்கள். படிக்க வேண்டிய அவசியமும் இல்லை. மீட்டிங்கில் ஒருவர் “ஏழாவது வட்டம் மாதிரி” என்றால் மற்றவர்கள் தலையாட்டி விடுகிறார்கள். எழுதி எழுநூறு வருடமான ஒரு கவிதைக்கு இதைவிடப் பெரிய செல்வாக்கு என்ன இருக்க முடியும்?

தாந்தே 1265-இல் ஃப்ளோரன்ஸில் பிறந்தவர். ஊர் அரசியலில் தோற்ற அணியில் இருந்ததால் 1302-இல் துரத்தப்பட்டார். ஊருக்குள் அகப்பட்டால் உயிரோடு கொளுத்துவோம் என்று தீர்ப்பு வேறு. 1321-இல் ராவென்னாவில் இறக்கும் வரை அவர் திரும்பவே இல்லை. அப்படி ஊர் ஊராக அலைந்த காலத்தில் எழுதிய காவியத்தின் முதல் பாகம்தான் நரகம், 34 காண்டங்கள். தனக்கு ஆகாதவர்களைப் பெயர் சொல்லியே உள்ளே தள்ளியிருக்கிறார், அதில் உயிரோடு இருந்தவர்களும் உண்டு.

ஒரு ப்ராஜெக்டுக்காகத்தான் நான் அதை ஆங்கிலத்தில் படிக்க ஆரம்பித்தேன். பிடித்து உட்கார வைத்தது பக்தியோ பயமோ இல்லை, அளவு. எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு: எவ்வளவு பெரிய கட்டடம் வரைந்தாலும் பக்கத்தில் ஆறடி மனிதன் ஒருவனை நிறுத்தி வைப்போம். அவன் இல்லாவிட்டால் கோபுரமும் தீப்பெட்டியும் ஒன்றுதான். தாந்தேக்கு இது நன்றாகத் தெரிந்திருக்கிறது. 31-ஆம் காண்டத்தில் நிம்ரோத் என்ற ராட்சதன் வருகிறான். அவன் முகம் ரோமில் புனித பேதுரு ஆலயத்தில் இருக்கும் பைன் காய் அளவு நீளம் என்கிறார். வெண்கலத்தில் செய்த அந்தக் காய் இன்றும் வத்திக்கானில் ஒரு முற்றத்தில் நிற்கிறது, ஏறக்குறைய 4 மீட்டர் உயரம். அந்தக் காலத்தில் ரோமுக்கு யாத்திரை போய் வந்தவர்கள் கண்ணால் பார்த்த பொருள் அது. கடைசிக் காண்டத்தில் அடுத்த கணக்கு வருகிறது: ராட்சதனுக்கு முன்னால் நான் எவ்வளவு சின்னவனோ, நரகத்தின் அடியில் இருக்கும் சாத்தான் லூசிஃபரின் கைக்கு முன்னால் ராட்சதன் அதைவிடச் சின்னவன். 1588-இல், இருபதுகளில் இருந்த கலிலியோ ஃப்ளோரன்ஸ் அகாடமியில் இதை வைத்தே சொற்பொழிவு ஆற்றினார். நரகத்தின் வடிவம், ஆழம், லூசிஃபரின் உயரம் எல்லாவற்றுக்கும் கணக்கு. லூசிஃபர் ஒரு கிலோமீட்டரைத் தாண்டினான்! எங்கள் ஆபீசுக்கு இன்டர்வியூ வந்திருந்தால் இரண்டு பேரையும் லெவல் டிசைனில் உட்கார வைத்திருப்போம்.

ஆனால் கிளையன்ட் கேட்பது நெருப்பு. “லாவா கொஞ்சம் கூட்டுங்கள்” என்பது நரக லெவலுக்கு நிச்சயம் வரும் ஃபீட்பேக். தாந்தேயின் நரகத்திலும் நெருப்பு உண்டு, நெருப்பு மழைகூட உண்டு. அடியாழத்தில் மட்டும் இல்லை. அங்கே உறைந்த ஏரி. லூசிஃபர் மார்பு வரை பனிக்கட்டியில் புதைந்து நிற்கிறான். அவன் ஆறு சிறகும் அடிக்கிற காற்றுதான் ஏரியை உறைய வைக்கிறது. மூன்று முகம், ஒவ்வொரு வாயிலும் ஒரு துரோகி, ஆறு கண்ணிலும் அழுகை. கொஞ்சம் தள்ளி மல்லாந்து கிடக்கிறவர்களுக்கு அழவும் வழியில்லை, முதலில் வந்த கண்ணீர் கண்குழியிலேயே உறைந்து அடைத்துக்கொள்கிறது. அதில் ஒருவன், கண்ணில் இருக்கிற பனியை எடுத்துவிடு என்று கெஞ்சுகிறான். தாந்தே அவன் வாயிலிருந்து கதையைப் பிடுங்கிக்கொண்டு, எடுத்துவிடாமலே நடக்கிறார். இந்தக் கல்நெஞ்சை, கிளையன்ட் என்ன வரைய வேண்டும் என்று எழுதி அனுப்பும் எந்த ப்ரீஃபிலும் நான் பார்த்ததில்லை.

எண்ணெய்க் கொப்பரைப் படங்களைப் பார்த்து வளர்ந்த நமக்குச் சட்டென்று ஒட்டுகிற இடம் 21-ஆம் காண்டம். வெனிஸ் கப்பல் பட்டறையில் குளிர்காலத்தில் கொதிக்குமே தார், அந்த மாதிரித் தாரில் லஞ்சம் வாங்கிய அதிகாரிகள் வேகிறார்கள். தலை தூக்கினால் பூதங்கள் கொக்கியால் அமுக்கும், சமையற்காரனின் எடுபிடிகள் அண்டாவில் மிதக்கிற கறியை அமுக்குவது போல. தண்டனை விஷயத்தில் மனிதக் கற்பனை எல்லா ஊரிலும் அடுப்பங்கரையைத்தான் சுற்றுகிறது போல.

நாம் இன்று பார்க்கிற நரகத்தை வரைந்தவர் என்று உண்மையில் தொரேயைச் சொல்ல வேண்டும். பதிப்பாளர் தயங்கியதால் 1861-இல் தன் கைக்காசைப் போட்டு அந்தப் பெரிய புத்தகத்தைக் கொண்டுவந்தார். செங்குத்துப் பாறை, மேலிருந்து விழும் வெளிச்சம், ஓரத்தில் சின்னதாக இரண்டு ஆட்கள். 1911-இல் இத்தாலியில் எடுத்த முழுநீள மௌனப்படம் அந்தப் படங்களை அப்படியே செட் போட்டது. அதற்கப்புறம் வந்தவர்கள் சினிமாவிலும் கேமிலும் அதைத்தான் திருப்பித் திருப்பிச் செய்துகொண்டிருக்கிறோம், நானும் சேர்த்தி.

பிரெஞ்சுச் சிற்பி ரொதேன் வேறு வழியில் போனார். 1880-இல் பாரிஸில் வரவிருந்த ஒரு அருங்காட்சியகத்துக்குக் கதவு செய்யச் சொன்னார்கள். அருங்காட்சியகம் வரவில்லை, அவர் மட்டும் 1917-இல் சாகும் வரை அந்த ‘நரக வாசலை’ விடவில்லை. அதில் வட்டமும் இல்லை, படிநிலையும் இல்லை. 180-க்கும் மேற்பட்ட உடல்கள்தான். மேலே உட்கார்ந்து கீழே பார்க்கிற உருவத்துக்கு முதலில் வைத்த பெயர் ‘கவிஞன்’, அதாவது தாந்தே. அதைத்தான் இன்று ‘சிந்தனையாளன்’ என்று உலகமே மேசை மேல் வைத்திருக்கிறது.

எங்கள் தொழில் தொரே பக்கம் போனதற்குக் காரணம் ரசனை மட்டும் இல்லை, பட்ஜெட்டும்தான். அந்தக் கவிதையில் தாந்தே சண்டையே போடுவதில்லை. நடக்கிறார், கேட்கிறார், அழுகிறார், இரண்டு முறை மயங்கி விழுகிறார். 2010-இல் அதை வைத்து வந்த கேமில் அவரையே அரிவாள் தூக்கிய சிலுவைப்போர் வீரனாக்கி விட்டார்கள். ஐந்தாம் காண்டத்தில், இரண்டாவது வட்டத்துப் புயலில் காதலனோடு சுழலும் ஃப்ரான்செஸ்கா என்ற பெண் பேசுவது நாற்பது வரிகூட இல்லை. காதலனோடு புத்தகம் படித்தது, முத்தமிட்டது, அன்று அதற்கு மேல் படிக்காதது. அதைக் கேட்டுத்தான் இரண்டாவது மயக்கம். இதை ஒரு கேமில் வைக்க முகத்தை அசைக்கத் தனி ரிக் வேண்டும், உதட்டசைவு வேண்டும், குரல் கொடுக்க நல்ல நடிகை வேண்டும், பிறகு எத்தனை மொழியோ அத்தனை டப்பிங். லாவாவை ஒரு தடவை செய்தால் போதும், எல்லா லெவலிலும் ஒட்டிக்கொள்ளலாம்.

இப்போது கையில் இருக்கும் ப்ரீஃபிலும் ஒன்பது லெவல், லெவலுக்கு ஒரு பாஸ் (முடிவில் வீழ்த்த வேண்டிய பெரிய எதிரி), பேசுகிற ஆள் யாரும் இல்லை. இரண்டாவது லெவலுக்குப் புயல் கேட்டிருந்தார்கள். புயலோடு, விடாமல் பிடித்தபடி பறக்கிற ஃப்ரான்செஸ்காவையும் காதலனையும் வரைந்து அனுப்பினேன். “நன்றாக இருக்கிறது, இவர்களை அடித்தால் எத்தனை பாயின்ட்?” என்று கேட்டு மெயில் வந்தது. பாயின்ட் எதுவும் இல்லை, பிளேயர் பக்கத்தில் போனால் புயல் சத்தம் மட்டும் குறையட்டும், அதற்குச் செலவு கிடையாது என்று பதில் போட்டிருக்கிறேன். திங்கட்கிழமை கிளையன்டோடு ஃபோன் மீட்டிங் இருக்கிறது.