பார்லி கட்டிய வீடு: ஒரு பண்ணைவீட்டின் மரபுரிமை மதிப்பை நிறுவிய அனுபவம்

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் ஒரு வீடு பழையது என்பதற்காகவோ அழகானது என்பதற்காகவோ மட்டும் சட்டத்தின் பாதுகாப்பைப் பெற்றுவிடுவதில்லை. மாகாணத்தின் மரபுரிமைச் சட்டம் 1975 இல் வந்தது. அதன் கீழுள்ள 9/06 ஆம் இலக்க ஒழுங்குவிதி, வடிவமைப்பு, வரலாறு, சூழல் என்னும் மூன்று பிரிவுகளில் ஒன்பது அளவுகோல்களை வகுத்திருக்கிறது. 2023 முதல், இவற்றில் இரண்டையேனும் நிறைவு செய்யும் வீட்டுக்கே உள்ளூராட்சி சபை மரபுரிமைத் தகுதி வழங்கலாம். பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டியில் நாங்கள் வாங்கிய விக்டோரியா காலத்துப் பண்ணைவீட்டுக்கு அந்தத் தகுதியை நாங்களே கேட்டு விண்ணப்பித்தோம். விண்ணப்பப் படிவம் சில பக்கங்கள்தான். அதனோடு இணைக்க வேண்டிய ஆய்வறிக்கைதான் எங்கள் குளிர்காலம் முழுவதையும் எடுத்துக்கொண்டது.

வீடு ஆங்கில 'எல்' எழுத்தின் வடிவில் அமைந்தது. சுவர்கள் சிவப்புச் செங்கல்; மூலைகளிலும் சன்னல் வளைவுகளிலும் மட்டும் வெளிர்மஞ்சள் செங்கல். முகப்பின் முக்கோணக் கூரை விளிம்பில் துளைவேலை செய்த மரப்பலகை, அதன் கீழ் கூர்நுனி வளைவுச் சன்னல். பின்புறத்தில், வீட்டோடு ஒட்டியும் ஒட்டாமலும், தாழ்ந்த கூரையுடைய ஒரு மரக்கட்டடம் சமையலறையாக நின்றது. வீட்டைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் முகப்பைப் படம் எடுத்தார்கள்; அந்தச் சமையலறையை ஒருவரும் படம் எடுக்கவில்லை.

எப்போது கட்டப்பட்டது என்பதை உறுதி செய்யாமல் அடுத்த அடி வைக்க முடியாது. மாகாணத்தின் காணிப் பதிவேடுகள் இப்போது இணையத்தில் கிடைக்கின்றன. அரசு முதன்முதலில் வழங்கிய காணி உறுதிப்பத்திரத்திலிருந்து ஒவ்வொரு கைமாற்றமும் அடமானமும் வரிசையாக அவற்றில் உண்டு. தோம்பு என்னும் பழைய காணிப் பதிவேட்டையும் உறுதியையும் விரித்து வைத்துக்கொண்டு எல்லை வழக்குப் பேசும் குடும்பத்தில் வளர்ந்தவனுக்கு இந்த வேலை அந்நியமாகத் தோன்றவில்லை. ஆனால் காணிப் பதிவேடு நிலத்தைப் பற்றியது. வீட்டைப் பற்றி அது வாய் திறப்பதில்லை. 1870களில் அந்தக் காணியின் மேல் வழக்கத்தைவிடப் பெரிய அடமானம் ஒன்று பதிவாகியிருந்ததைக் கண்டபோது, கட்டுமானச் செலவுக்காக வாங்கிய கடனாக இருக்கலாம் என்று ஊகிக்க மட்டுமே முடிந்தது.

அந்த ஊகத்துக்கு வலுச் சேர்த்தவை குடிசன மதிப்பீட்டு ஏடுகள். 1861 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இதே காணியில் மரவீடு ஒன்று குறிக்கப்பட்டிருந்தது. 1891 இல் கணக்கெடுப்பாளர்கள் வீட்டின் கட்டுப்பொருளை ஓர் எழுத்தாலும், மாடிகளையும் அறைகளையும் ஒரு பின்னம்போலவும் குறித்தார்கள். எங்கள் காணிக்கு நேரே செங்கல், இரண்டு மாடி, எட்டு அறை என்று பொருள்படும் குறியீடு இருந்தது. இடையில் 1878 இல் வெளிவந்த ஹேஸ்டிங்ஸ், பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டிகளின் படவிளக்க வரைபடநூலில் அந்த இடத்தில் ஒரு வீடு காட்டப்பட்டிருக்கிறது. இவ்வகை நூல்கள் சந்தா கட்டியவர்களுக்கே கூடுதல் கவனம் கொடுத்தன என்பதால், வீடு காட்டப்படாவிட்டால் வீடே இல்லை என்று கொள்ளக்கூடாது. காட்டப்பட்டிருந்தால் அது நல்ல சான்று.

இந்தக் காலம் தற்செயலானதன்று. 1860 முதல் 1890 வரையான ஆண்டுகளை இந்தக் கவுண்டியில் இன்றும் 'பார்லி நாட்கள்' என்று சொல்வார்கள். இங்கு விளைந்த பார்லி பாய்மரக் கப்பல்களில் ஒன்ராறியோ ஏரியைக் கடந்து நியூயோர்க் மாநிலத்தின் ஒஸ்வீகோ துறைமுகத்துக்குப் போய், அமெரிக்க பியர் வடிசாலைகளைச் சேர்ந்தது. அந்தப் பணம் மரவீடுகளைச் செங்கல் வீடுகளாக்கியது. 1890 இல் அமெரிக்கா கொண்டுவந்த மெக்கின்லி தீர்வை என்னும் இறக்குமதி வரி அந்த வணிகத்தை முறித்தது. எங்கள் அறிக்கையின் முதுகெலும்பு இந்த வரலாறுதான்; வரலாற்று அளவுகோலும் சூழல் அளவுகோலும் இதன்மேல் நின்றன. அமெரிக்காவிலிருந்து தப்பி வந்த அடிமைகளை ஒளித்துவைத்த வீடு இது என்று அயலவர் ஒருவர் நெகிழ்ச்சியோடு சொன்னார். ஒன்ராறியோவின் பழைய வீடுகளில் பலவற்றுக்கும் இப்படி ஒரு கதை உண்டு. சான்று எதுவும் கிடைக்காததால் அறிக்கையில் அதற்கு ஒரு வரிகூடக் கொடுக்கவில்லை.

உண்மையான வாதம் பின்கட்டுச் சமையலறையைப் பற்றி எழுந்தது. மரபுரிமைத் தகுதி வழங்கும் துணைவிதியில், அதாவது சபை நிறைவேற்றும் உள்ளூர்ச் சட்டத்தில், வீட்டின் மதிப்பு இன்னது என்ற கூற்றும், அந்த மதிப்பைத் தாங்கும் கூறுகளின் பட்டியலும் இருக்க வேண்டும். பட்டியலிலுள்ள கூறுகளைப் பாதிக்காத மாற்றங்களுக்குச் சபையின் ஒப்புதல் தேவையில்லை. சபையின் மரபுரிமை ஆலோசனைக் குழுவில் சிலர் செங்கல் முகப்பே போதும் என்றார்கள். ஆனால் சமையலறைக் கூரைக்குள் ஏறிப் பார்த்தால் கோடரியால் செதுக்கிய உத்தரங்களும், கம்பி ஆணிகள் பரவுவதற்கு முந்திய சதுர வெட்டு ஆணிகளும் தெரிந்தன. 1861 இல் பதிவான அந்த மரவீட்டைத்தான் பின்னால் சமையலறையாக ஒட்டவைத்திருக்க வேண்டும் என்பதே எங்கள் வாதம். பார்லிக்கு முந்திய குடியேற்ற வாழ்வும் பார்லி தந்த செல்வமும் ஒரே கூரைவரிசையில் அடுத்தடுத்து நிற்பது, அழகிய முகப்பைவிட அரிதானது. முகப்புகள் இந்தச் சாலையிலேயே இன்னும் பல உண்டு. குழு நேரில் வந்து பார்த்தபின் சமையலறை பட்டியலில் சேர்ந்தது.

மீதி, சட்டம் வகுத்த கால ஒழுங்கில் நடந்தது. சபை தன் நோக்கத்தை அறிவித்தது. முப்பது நாள் ஆட்சேபக் காலம் யாருடைய எதிர்ப்புமின்றிக் கழிந்தது. அறிவித்தலிலிருந்து 120 நாட்களுக்குள் நிறைவேற்றப்பட வேண்டிய துணைவிதி நிறைவேறி, காணியின் மேல் பதிவானது. வீட்டை விற்றாலும் அது காணியோடு போகும். இதனால் விலை விழுந்துவிடும் என்று அண்ணா கடைசிவரை சொல்லிக்கொண்டே இருந்தார். விற்கும் எண்ணம் இல்லாதவர்களிடம் அந்த வாதம் எடுபடவில்லை.

இப்போது பட்டியலிலுள்ள கூறுகளைப் பாதிக்கும் எந்த மாற்றத்துக்கும் சபையின் ஒப்புதல் வேண்டும்; முழுமையான விண்ணப்பம் கிடைத்த 90 நாட்களுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். எங்கள் முதல் விண்ணப்பம் செங்கல் இடைவெளிகளைப் பூசுவதற்கானது. பழைய மென்செங்கலுக்கு இடையில் கடினமான சீமெந்தைப் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றிச் செங்கலே உதிரும் என்பதால், சுண்ணாம்புச் சாந்தையே பயன்படுத்துவதாக எழுதினோம். ஒப்புதல் வந்துவிட்டது. சுண்ணாம்பு வேலை தெரிந்த மேசனைத்தான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.