ஹால் கணினிக்கு ஒரு ரிமோட்

எங்கள் வீட்டு ஹாலில் டிவிக்குக் கீழே, முன்பு டிவிடி பிளேயர் இருந்த தட்டில், இப்போது ஒரு சிறிய கணினி இருக்கிறது. குடும்பத்தின் பழைய கல்யாண வீடியோக்கள், படங்கள், பாட்டுகள் எல்லாம் அதன் ஹார்ட் டிஸ்கில்தான் இருக்கின்றன. கணினியைத் தேர்ந்தெடுத்து வாங்க எனக்கு இரண்டு வாரம் போதுமானதாக இருந்தது. அதற்கு ஏற்ற ஒரு ரிமோட்டைக் கண்டுபிடிக்க ஏறத்தாழ இரண்டு வருடம் ஆனது. நான் தவறான ஆளை மனதில் வைத்துத் தேடிக்கொண்டிருந்ததுதான் இந்தத் தாமதத்துக்குக் காரணம். கணினியை அமைத்தவன் நான் என்றாலும், பகல் முழுவதும் அதன் முன்னால் இருப்பவர் அம்மா.

கணினியில் ஓடுவது கோடி என்னும் மென்பொருள். முதலில் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுப் பெட்டிக்காக எழுதப்பட்டு, எக்ஸ்பிஎம்சி என்ற பெயரில் வளர்ந்து, 2014-இல் கோடி என்று பெயர் மாறியது. மேசையில் குனிந்து பார்ப்பதற்காக அல்லாமல் சோபாவில் சாய்ந்தபடி தூரத்திலிருந்து பார்ப்பதற்காகவே உருவாக்கப்பட்டது என்பதால், அதில் மவுஸ் இல்லாமலேயே எல்லா வேலைகளையும் செய்ய முடியும். நான்கு திசை அம்புகள், நடுவில் ஓகே, பின்னால் போக ஒரு பொத்தான், நிறுத்தி ஓட்ட ஒரு பொத்தான் ஆகியவை இருந்தால் முக்கால்வாசி வேலை முடிந்துவிடும். ரிமோட் வாங்கப் போகிற யாரும் முதலில் தம் கணினியில் எந்த மென்பொருள் ஓடப் போகிறது என்பதையே பார்க்க வேண்டும். பிரவுசரைத் திறந்து அங்கங்கே சொடுக்கிப் படம் பார்க்கும் வழக்கம் உள்ளவர்களுக்கு மவுஸ் இல்லாமல் நடக்காது. அவர்களுக்கு நான் சொல்லப் போவது பெரிதும் பயன்படாது.

நான் முதலில் வாங்கியது டச்பேடு இணைந்த வயர்லெஸ் கீபோர்டு. லாஜிடெக் கே400 போன்ற வகை. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் கோப்புகளைப் பெயர் மாற்றவும் அப்டேட் போடவும் இன்றும் அதைத்தான் எடுக்கிறேன். ஆனால் மடியில் ஒரு தாம்பாளத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் போல இருக்கும் அதை வைத்துப் பாட்டு மாற்ற அம்மா ஒருநாளும் முன்வரவில்லை. "இது ஆபீசுல உள்ள சாமானில்லா மக்களே" என்பதோடு அதன் விசாரணை முடிந்தது.

அடுத்தது ஏர் மவுஸ் எனப்படும் வகை. ரிமோட் வடிவத்தில் இருக்கும் அதற்குள் அசைவை உணரும் ஜைரோஸ்கோப் இருப்பதால், கையை அசைத்தால் திரையில் அம்புக்குறி அசையும். பின்புறம் திருப்பினால் குட்டிக் கீபோர்டும் உண்டு. ஆன்லைனில் வாங்கிய அந்த ரிமோட் இரண்டு விதத்தில் என்னைப் படுத்தியது. ஒன்று, கையைக் கீழே வைத்த பிறகும் அம்புக்குறி மெதுவாக ஒரு பக்கமாக நகர்ந்துகொண்டே இருந்தது. இரண்டாவதுதான் எனக்குப் பாடம் கற்பித்தது: பொத்தானை அழுத்தினால் சில வேளை எடுக்கும், சில வேளை எடுக்காது. பேட்டரியை மாற்றினேன், கணினியைத் திருப்பி வைத்தேன், ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில் பார்த்தால், அதன் ரிசீவரை நான் செருகியிருந்தது நீல நிற யூஎஸ்பி 3.0 துளையில், அதற்குப் பக்கத்துத் துளையில் ஹார்ட் டிஸ்க். யூஎஸ்பி 3.0 வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சலை உண்டாக்கும் என்பதை இன்டெல் நிறுவனமே 2012-இல் ஓர் அறிக்கையாக வெளியிட்டிருக்கிறது. இத்தகைய வயர்லெஸ் ரிமோட்டுகள், கீபோர்டுகள் பெரும்பாலும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸில்தான் பேசுகின்றன. ஒரு முழ நீள யூஎஸ்பி நீட்டிப்பு வயரைப் போட்டு ரிசீவரைத் தள்ளி வைத்ததும் அந்தக் கோளாறு போய்விட்டது. அம்புக்குறி நகர்வது மட்டும் போகவில்லை.

போனையே ரிமோட்டாக்கலாம் என்பார்கள். கோடிக்கு கோரே, யாட்சே போன்ற செயலிகள் இருக்கின்றன. படங்களின் அட்டையைப் போனிலேயே பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம், தேடுவதற்கு எழுத்துகளைத் தட்டலாம், தனியாக இருக்கும் ஒருவருக்கு அது மிகவும் வசதிதான். ஆனால் படத்தை நிறுத்த வேண்டிய அவசரத்தில் போன் பூட்டிக் கிடக்கும், அல்லது சார்ஜில் கிடக்கும், அல்லது அதே போனில்தான் யாரோ அழைத்துக்கொண்டிருப்பார்கள். கண்ணால் பார்க்காமல் விரலால் மட்டுமே தொட்டு அறியக்கூடிய ஒரு பொருளாக இருப்பதே ரிமோட்டின் பெரிய சிறப்பு. கண்ணாடித் திரைக்கு அது கிடையாது.

இதற்கிடையில், டிவியின் சொந்த ரிமோட்டே கணினியையும் இயக்கினால் என்ன என்று தோன்றியது. எச்டிஎம்ஐ வயரிலேயே அதற்கு ஒரு வழி உண்டு. சிஇசி என்பது அதன் பெயர். சாம்சங் அதை எனிநெட்+ என்றும், எல்ஜி சிம்ப்லிங்க் என்றும், சோனி பிராவியா சிங்க் என்றும் அழைக்கின்றன. டிவி ரிமோட்டில் அம்பை அழுத்தினால் அந்தக் கட்டளை எச்டிஎம்ஐ வயர் வழியாகவே பெட்டிக்குப் போய்ச் சேரும். ராஸ்பெரி பை என்னும் கையடக்கக் கணினி வைத்திருப்பவர்கள் இந்தக் கட்டுரையை இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், ஏனென்றால் அதில் சிஇசி இயல்பாகவே இருக்கிறது. கோடிக்காகவே செய்யப்பட்ட லிப்ரெஎலெக் என்னும் இயங்குதளத்தைப் போட்டால் பெரும்பாலும் டிவி ரிமோட் உடனே வேலை செய்யத் தொடங்கிவிடும். சாதாரணக் கணினிகளின் கிராபிக்ஸ் பகுதியில் பொதுவாக அந்த வசதி இருப்பதில்லை. பல்ஸ்-எய்ட் என்ற நிறுவனத்தின் யூஎஸ்பி இணைப்பானை இடையில் போட்டால் அதையும் கொண்டுவரலாம். எங்கள் டிவி பழையது. அதற்கு சிஇசி என்றால் என்னவென்றே தெரியாது.

ஆகவே நான் சுற்றிச் சுற்றி வந்து சேர்ந்த இடம், எல்லாவற்றிலும் பழையதான அகச்சிவப்பு ரிமோட். அதன் வேலை எளிமையானது. முனையில் இருக்கும் எல்ஈடி, கண்ணுக்குத் தெரியாத, ஏறத்தாழ 940 நானோமீட்டர் அலைநீள ஒளியை விட்டு விட்டு வீசுகிறது. பல ரிமோட்டுகள் பயன்படுத்தும் என்இசி முறையில் அந்த ஒளி நொடிக்கு 38,000 முறை துடிக்கும்; பிலிப்ஸ் உருவாக்கிய ஆர்சி5, ஆர்சி6 முறைகளில் 36,000 முறை; சோனியின் முறையில் 40,000 முறை. அந்தத் துடிப்பைப் பிரித்தறிய எதிர்ப்பக்கத்தில் மூன்று காலுள்ள ஒரு சிறு ரிசீவர் போதும்.

கணினிக்கு அந்த ரிசீவர் இயல்பாக இருப்பதில்லை என்பதுதான் சிக்கல். மைக்ரோசாப்ட்டின் மீடியா சென்டர் இருந்த காலத்தில் பச்சைப் பொத்தான் வைத்த ரிமோட்டும் யூஎஸ்பி ரிசீவரும் ஒரு ஜோடியாகவே கிடைத்தன. 2015-இல் விண்டோஸ் 10 வந்தபோது மீடியா சென்டர் கைவிடப்பட்டது. அவற்றை இன்னும் வாங்கலாம் என்றாலும், அந்த ரிமோட்டில் பாதிப் பொத்தான்கள் இல்லாத ஒரு மென்பொருளுக்காக ஏங்கிக்கொண்டிருப்பவை.

எனக்கு ஒத்து வந்தது பிளிர்க் என்னும் சிறு யூஎஸ்பி கருவி. மஸ்கட்டில் வேலை பார்க்கும் மச்சான் விடுமுறைக்கு வந்தபோது அதைக் கொண்டுவந்தார். நம் விரலின் ஒரு கணு அளவே இருக்கும். வீட்டில் கிடக்கும் எந்த அகச்சிவப்பு ரிமோட்டையும் அதற்குக் கற்பிக்கலாம்: அதன் மென்பொருளைத் திறந்து, திரையில் "மேல் அம்பு" என்பதைச் சொடுக்கி, ரிமோட்டில் எந்தப் பொத்தான் அந்த வேலையைச் செய்ய வேண்டுமோ அதை அழுத்தினால் பதிந்துவிடும். பதிவு கணினியில் அல்ல, கருவிக்குள்ளேயே இருக்கிறது. அதன் பிறகு கணினியின் கண்ணுக்கு அது வெறும் கீபோர்டுதான். விண்டோஸ், லினக்ஸ் எதுவானாலும் தனி டிரைவர் வேண்டியதில்லை. கோடியில் ஸ்பேஸ் நிறுத்தி ஓட்டும், எக்ஸ் முற்றிலும் நிறுத்தும், பேக்ஸ்பேஸ் பின்னால் போகும், டி (T) எழுத்து சப்டைட்டிலைக் காட்டி மறைக்கும், சி எழுத்து கூடுதல் பட்டியலைத் திறக்கும். இவ்வளவு தெரிந்தால் போதும்.

சால்டரிங் தெரிந்தவர்கள் புரோ மைக்ரோ வகை ஆர்டுயினோ சர்க்யூட் பலகை ஒன்றையும் டிஎஸ்ஓபி என்னும் அகச்சிவப்பு ரிசீவர் ஒன்றையும் வைத்து இதையே வீட்டில் செய்துகொள்ளலாம். ஒரே ஓர் எச்சரிக்கை: டிஎஸ்ஓபி1738-க்குக் கால்களின் வரிசை ஒரு மாதிரி, புதிய டிஎஸ்ஓபி38238-க்கு வேறு மாதிரி. பழைய படத்தைப் பார்த்துப் புதியதை இணைத்து நான் ஒன்றை எரித்தேன்.

எந்த ரிமோட்டையும் கற்பிக்கலாம் என்று ஆனவுடன்தான், எதைக் கற்பிப்பது என்ற உண்மையான கேள்வி எழுந்தது. நான் முதலில் எடுத்தது பழைய டிவியின் ரிமோட். அது இப்போதைய டிவியின் அதே கம்பெனி. ஓகே அழுத்தினால் படமும் ஓடியது, டிவியும் சேனல் மாற்றியது. வீட்டில் உள்ள எந்தக் கருவியும் கேட்காத குறியீட்டை அனுப்பும் ரிமோட்டாக இருக்க வேண்டும். அப்படி ஒன்று பரணில் கிடந்தது. டிடிஎச் இணைப்பை நிறுத்திய பிறகு பெட்டியோடு கட்டி வைத்த ரிமோட். அம்மாவின் கட்டைவிரல் ஏழெட்டு வருடம் பழகிய ரிமோட். பொத்தான்களின் எழுத்துகள் பாதி தேய்ந்திருந்தன, அம்மாவுக்கு அவை ஒருநாளும் தேவைப்பட்டதில்லை.

அதில் இன்னொரு நன்மையும் இருந்தது. டிடிஎச் ரிமோட்டுகள் பலவற்றில், டிவி ரிமோட்டை முகத்துக்கு முகம் வைத்துக் கற்பித்தால், டிவியின் பவரையும் சத்தத்தையும் அதுவே இயக்கும் வசதி உண்டு. எனவே கணினியின் சத்தத்தை முழுவதும் ஏற்றி வைத்துவிட்டேன்; கூட்டுவதும் குறைப்பதும் டிவியில். இது சிறிய விஷயமாகத் தோன்றும், ஆனால் சத்தத்துக்கு ஒன்று, படத்துக்கு ஒன்று என்று இரண்டு ரிமோட்டுகளை மாற்றி மாற்றி எடுக்க வேண்டியிருந்தால் எந்த ஏற்பாடும் ஒரு வாரத்துக்கு மேல் நிற்காது.

முதல் இரண்டு நாள் எல்லாம் சரியாக இருந்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு அம்மா கூப்பிட்டார். ரிமோட் செத்துவிட்டது என்றார். நான் போய்ப் பார்த்தபோது ஆறரை, நன்றாக வேலை செய்தது. மறுநாளும் அப்படியே. ரிமோட்டைச் சோதிக்க எளிய வழி, போனின் முன் கேமராவுக்கு நேரே பிடித்து அழுத்துவது. எல்ஈடி வெளிர் ஊதாவாக மின்னினால் ரிமோட் நலமாக இருக்கிறது என்று பொருள். (பின் கேமராக்கள் பலவற்றில் அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி வலுவாக இருப்பதால் தெரியாமல் போகலாம்.) மின்னியது. பிறகுதான் மேற்குப் பக்கத்து ஜன்னலைக் கவனித்தேன். எங்கள் வீடு மணவாளக்குறிச்சிப் பக்கம், கடலிலிருந்து கூப்பிடு தூரம்; சாயங்கால வெயில் தடையின்றி ஹாலுக்குள் நீண்டு வந்து, கணினியின் முன்பக்கம் செருகியிருந்த பிளிர்க்கின் மேல் நேரே விழுந்துகொண்டிருந்தது. வெயிலிலும் அகச்சிவப்பு ஏராளமாக இருப்பதால், அந்த வெள்ளத்தில் ரிமோட்டின் சிறு துளி ரிசீவருக்குத் தெரியவில்லை. ஏர் மவுசுக்கு வாங்கிய அதே நீட்டிப்பு வயரைப் போட்டு, கருவியை டிவியின் அடி விளிம்பில், நிழலில், செல்லோ டேப்பால் ஒட்டினேன்.

மிச்சமிருந்தது கணினியை எழுப்புவது. தூக்கத்தில் வைத்திருந்தால் ரிமோட்டின் சிவப்புப் பொத்தானால் எழுப்பலாம். அதற்கு விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் அந்தக் கீபோர்டுக்கு, கணினியை எழுப்ப அனுமதிக்கும் பெட்டியில் டிக் இருக்க வேண்டும். கணினியின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸில், மின்சாரத்தை மிச்சப்படுத்தும் ஈஆர்பி என்ற அமைப்பு இயங்கிக்கொண்டிருந்தால், தூங்கும்போது யூஎஸ்பிக்குப் போகும் மின்சாரம் துண்டிக்கப்படலாம். அதை அணைத்துவிட வேண்டும். நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு என்பதால் இடி இடித்தால் கரண்ட் போவதும் உண்டு. கரண்ட் போய் வந்த கணினி தூங்குவதில்லை, முற்றிலும் அணைந்து கிடக்கும். பெரும்பாலான கணினிகளில் அப்போது ரிமோட்டால் ஒன்றும் செய்ய முடியாது. பயாஸிலேயே, மின்சாரம் திரும்பியதும் தானாக இயங்கு என்ற அமைப்பைத் தேர்ந்தெடுத்த பிறகு அம்மா எனக்குப் போன் செய்வது குறைந்தது.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு. ரிமோட் வாங்கும்போது பேட்டரி மூடியைத் திறந்து ஸ்பிரிங்கைப் பாருங்கள். உப்புக் காற்றில் மெல்லிய முலாம் ஒரு வருடம்கூடத் தாங்காது, பச்சை பூத்துவிடும். மழைக்காலம் முடிந்ததும் உப்புத்தாளால் ஒரு தேய் தேய்த்தால் மீண்டும் உயிர் வரும். நாணய பேட்டரி போடும் தட்டையான குட்டி ரிமோட்டுகளை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஏஏஏ பேட்டரி எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும்.

அம்மா கேட்ட மாற்றம் ஒன்றே ஒன்று. இங்கே தமிழ்ப் படமும் மலையாளப் படமும் சமமாக ஓடும், இரண்டுக்கும் சப்டைட்டில் தேவையில்லை. ஆனால் மஞ்சள் பொத்தானில் கை பட்டு அது வந்துவிடுகிறதாம். அந்தப் பொத்தானின் பதிவை அழித்துவிட்டேன். இருட்டில் விரலுக்குத் தட்டுப்பட வேண்டும் என்று நிறுத்தும் பொத்தானின் மேல் அவரே ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டிக்கொண்டார். நான் நாகர்கோவிலில் அதே மாதிரி இன்னொரு ரிமோட்டை வாங்கி, உறையைப் பிரிக்காமல் அலமாரியில் வைத்திருக்கிறேன்.