பெட்டகத்துப் பேரேடுகளைப் பலர் சேர்ந்து படித்த அனுபவம்

செட்டிநாட்டு வீட்டுக் கணக்கேடுகளை வைத்து ஆராய்ச்சி செய்கிறேன் என்றால் எல்லோரும் முதலில் கேட்பது, "எல்லாம் ஸ்கேன் பண்ணியாச்சா?" என்பதுதான். பண்ணியாச்சு. ஆனால் அது வேலையில் சின்னப் பங்கு. காரைக்குடியில் இருக்கும் நான், பழைய எழுத்துப் படிக்கத் தெரிந்த ஒரு பெரியவர், பினாங்கில் இதே துறையில் இருக்கும் ஓர் ஆய்வாளர், மூவரும் ஒரே பக்கத்தை ஒரே பெயரில் சொல்லிப் பேசிக்கொள்ளும் நிலைக்கு வருவதற்குத்தான் முக்காலே மூணு வீசம் உழைப்பும் போனது.

என் கேள்வி எளிமையானது. ரங்கூனில் இருந்த வட்டிக் கடையிலிருந்து பணம் வருவது குறைந்தபோது ஊரில் பெண்ணுக்குக் கொடுத்த சீர் குறைந்ததா? 1930-இல் நெல் விலை சரிந்ததும் செட்டியார்களிடம் கடன் வாங்கிய பர்மிய விவசாயிகளால் கட்ட முடியவில்லை, கடனுக்கு ஈடாக நிலம் கைமாறியது. கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் சுமார் 6 சதவீதமாக இருந்த செட்டியார் நிலம் 1937-க்குள் 25 சதவீதமானது. கையில் காசு இல்லை, காடு கழனி மட்டும் கடல் தாண்டிக் கிடந்தது. இதெல்லாம் வரலாற்று நூல்களில் இருக்கிறது. அந்த நேரத்தில் இங்கே வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தில், என்ன நடந்தது என்பது சீர்ப் பொருள்களைக் குறித்துவைத்த சீர்ச் சிட்டைகளில்தான் இருக்கும்.

ஏடுகள் இருந்தது கானாடுகாத்தான் பக்கத்து வீடு ஒன்றில். ஒரு வீடு என்றாலும் அறைக்கு ஒரு பங்காளி, ஒவ்வொருவருக்கும் தனிப் பூட்டு. பாதிப் பேர் சென்னையிலும் சிங்கப்பூரிலும். தனித்தனியாகத் துரத்தாமல் முன்னோருக்குப் படையலிடும் படைப்புக்கு எல்லோரும் ஊருக்கு வரும்வரை காத்திருந்தேன். அன்று பட்டாலையில் உட்கார்ந்து ஒரே தாளில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினேன். வீட்டில் மூத்த ஆச்சி போட்ட நிபந்தனை ஒன்றுதான்: "படம் எடுத்துக்க ஆத்தா. ஏடு மட்டும் வாசல்படி தாண்டக்கூடாது." அதற்கு முன்னால் ஒரு நிறுவனம் வேறொரு வீட்டுப் படங்களை வாங்கிவைத்துக்கொண்டு, கொடுத்த குடும்பமே பார்க்க விண்ணப்பம் எழுதச் சொன்ன கதை அவருக்குத் தெரியும். அதனால் ஒரு முழுப் பிரதி அந்த வீட்டிலேயே இருக்கும் என்று நானும் எழுதிக் கொடுத்தேன்.

படம் எடுத்ததைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வளவில் காலை வெளிச்சம் போதும். ஓர அளவுகோலும் வண்ண அட்டையும் வைத்து, முக்காலியில் கேமராவை மாட்டி எடுத்தோம். ஒவ்வொரு படமும் சுருக்காத டிஃப் கோப்பாக ஒன்று, பார்க்க வசதியாக ஜேபெக் ஒன்று, மூன்று இடத்தில் நகல்.

அப்புறம்தான் உண்மையான வேலை. பகிர்ந்துகொண்ட ஒரு விரிதாளில் பக்கத்துக்கு ஒரு வரி. என்னென்ன பத்திகள் வேண்டும் என்பதை நாமே கண்டுபிடிக்க வேண்டியதில்லை, நூலகங்கள் பயன்படுத்தும் டப்ளின் கோர் என்ற 15 தலைப்புகள் இருக்கின்றன. அவற்றை அப்படியே எடுத்துக்கொண்டால் நாளைக்கு எந்த நூலகத்தோடும் பட்டியலை இணைக்கலாம். ஆனால் அதில் 'தேதி' என்ற ஒரு தலைப்பு எங்களைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. ஏட்டில் பிள்ளையார் சுழி, அடுத்து 'பிரமோதூத வருஷம்' என்று மட்டும் இருக்கும். அது 1870-ஆ, 1930-ஆ? அறுபது வருஷச் சுழற்சியில் இரண்டும்தான். உள்ளே சொருகியிருந்த புரோநோட்டில் ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட ஸ்டாம்பு இருந்தால் கவலை விட்டது. இல்லாவிட்டால் விலாசத்தில், அதாவது கடையின் பெயரில், வரும் முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளை வைத்து எந்தத் தலைமுறை என்று ஆச்சியிடம்தான் கேட்க வேண்டும். ஆக, ஏட்டில் உள்ளபடி ஒரு பத்தி, நாங்கள் முடிவுசெய்த ஆண்டு ஒரு பத்தி, எதை வைத்து முடிவுசெய்தோம் என்பது இன்னொரு பத்தி. இந்த மூன்றாவது பத்தியை நிரப்பாத பட்டியலை நான் இப்போது நம்புவதில்லை.

எழுத்தைப் படிக்கிற விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஏடுகளில் புள்ளி கிடையாது. ரகரமும் காலும் ஒரே மாதிரி. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வித்தியாசம் இல்லை. அச்செழுத்தைப் படிக்கும் மென்பொருள்கள் இங்கே ஒன்றுக்கும் உதவாது. கையெழுத்தைக் கற்றுக்கொள்ளும் டிரான்ஸ்கிரிபஸ் என்ற தளத்தில் படங்களை ஏற்றினோம். நாம் சில பக்கங்களைத் தட்டச்சு செய்து கொடுத்தால் அதை வைத்து மீதியைப் படிக்கப் பழகிக்கொள்ளும். 5,000 முதல் 15,000 சொற்கள் வரை கொடுக்கச் சொல்கிறார்கள்.

அந்தச் சொற்களைக் கொடுத்தவர் எங்கள் பெரியவர். கடையில் பெட்டியடிப் பையனாக, அதாவது எடுபிடியாக, சேர்ந்து கணக்கெழுதப் பழகியவர், வயது எண்பதுக்கு மேல். கணினி தொட மாட்டார். நான் வாட்ஸ்அப்பில் பக்கத்தை அனுப்புவேன், அவர் வரிவரியாக வாசித்துக் குரல் பதிவு அனுப்புவார். நடுவில், "ஆத்தா, இவன் அவசரக்காரன், சுழியே போடாம ஓடுறான் பாரு" என்று எழுதியவரைத் திட்டுவதும் பதிவாகியிருக்கும். அந்தப் பதிவுகளையும் பக்க எண்ணோடு சேர்த்து வைத்திருக்கிறோம். என்னைக் கேட்டால் இந்தத் தொகுப்பிலேயே விலை மதிக்க முடியாதது அதுதான். 'வரவு', 'மேற்படி வகை' போலத் திரும்பத் திரும்ப வருவதை இயந்திரம் சீக்கிரம் பிடித்துக்கொண்டது. பெயரிலும் பின்னத்திலும் இன்னும் தடுமாறுகிறது.

பின்னம் தனிக் கதை. வட்டி 'முக்காலே அரைக்கால்' என்றால் ரூபாயில் 14 அணா. மா 20-இல் ஒன்று, காணி 80-இல் ஒன்று, முந்திரி 320-இல் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் தனிக் குறி உண்டு. பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, மேற்படிக்கு ௸ என்ற குறிகள் யூனிகோடில் 2003-லேயே வந்துவிட்டன. பின்னக் குறிகள் வந்தது 2019-இல். அதற்குமுன் ஆய்வு செய்தவர்கள் தங்கள் வசதிக்கு ஆளுக்கொரு குறி போட்டிருக்கிறார்கள், ஒருவர் கோப்பு இன்னொருவருக்குப் புரியாது. இப்போதும் பல போன்களில் வெறும் கட்டம்தான் தெரியும். நோட்டோ சான்ஸ் தமிழ் சப்ளிமென்ட் என்ற இலவச எழுத்துருவை நிறுவினால் சரியாகிவிடும். குறியை அப்படியே ஒரு பத்தியில் இட்டு, அடுத்த பத்தியில் தசம எண்ணையும் போட்டோம். கூட்டிப் பார்க்கவாவது வேண்டாமா?

இவ்வளவும் எதற்கு என்று எனக்கே சலிப்பு வந்த நேரத்தில்தான் பினாங்கு நண்பர் ஒரு சுட்டி அனுப்பினார். அவர் தேவகோட்டைக் குடும்பம் ஒன்றின் ரங்கூன் பேரேட்டை ஏற்கெனவே படமெடுத்து வைத்திருந்தார். இரண்டு தொகுப்புகளும் தொகுப்புகளை இணையத்தில் வைக்கும் ஒமேகா எஸ் என்ற இலவச மென்பொருளில், டிரிபிள் ஐ எஃப் முறைப்படி இருந்தன. ஸ்டான்ஃபோர்டு, ஆக்ஸ்ஃபோர்டு, பிரிட்டிஷ் நூலகம் போன்றவை சேர்ந்து 2011-இல் தொடங்கிய முறை அது. படம் எந்த ஊர்க் கணினியில் இருந்தாலும் அதற்கு ஒரே மாதிரி முகவரி இருக்கும், யாரும் யாருக்கும் கோப்பு அனுப்ப வேண்டாம். மிராடோர் என்ற திரையில் அவர் பக்கத்தையும் என் பக்கத்தையும் அருகருகே திறந்தோம். ஸ்ரீமுக வருஷம் ஐப்பசி. அங்கே கடையை நடத்திய மேலாள் கையெழுத்தில் பற்று, இங்கே வீட்டுக் கணக்கில் வரவு, பணம் அனுப்பப் பயன்பட்ட அதே உண்டியல் சீட்டு. தொகையில் சில அணா இடித்தது. பெரியவரிடம் கேட்டேன். "உண்டியல் வட்டம் பிடிச்சிருப்பான்" என்று சிரித்தார். வட்டம் என்றால் கழிவு. வெறும் பணவரவாக நான் பார்த்துக்கொண்டிருந்த வரிக்கு அனுப்பியவர், நாள், கழிவு எல்லாம் கிடைத்தது.

அதிலிருந்து வேகம் பிடித்தது. பணவரவு மெலிந்த வருஷங்களில் அந்த வீட்டுச் சீர் உடனே குறையவில்லை. வெள்ளிச் சாமான் எண்ணிக்கை அப்படியே நிற்கிறது, கூடவே கடன் பற்று ஏறுகிறது. ஒரு வீட்டை வைத்து ஊரைப் பற்றிப் பேச முடியாது. ஆனால் அடுத்த வீட்டு ஏட்டை எடுப்பவர் இதே பத்திகளில் எழுதினால் ஒப்பிட்டுப் பார்க்கலாம். கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்த புத்தகங்களும் இதழ்களும் 1992-இல் அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகத்தின் உதவியால் சென்னையில் நூலகமாக நிலைத்தன. வீட்டுக் கணக்கேடுகள் அப்படி ஓரிடம் சேர வாய்ப்பு குறைவு, ஆச்சி சொன்னதுபோல அவை வாசல் தாண்டாது. பரவாயில்லை, படத்துக்கு முகவரி இருந்தால் போதும்.

கடன் வாங்கியவர்கள் பெயர் வரும் பக்கங்களை எல்லோரும் பார்க்கலாமா என்ற கேள்வி கடைசிவரை நின்றது. "அவங்க பேரன் பேத்தி பக்கத்துத் தெருவில இருக்காங்க" என்றார் ஒரு பங்காளி. நியாயம்தான். சீர்ச் சிட்டைகளும் வீடு கட்டிய கணக்கும் பொதுவில், கடன் பக்கங்கள் பூட்டில், ஆராய்ச்சிக்குக் கேட்பவருக்குக் குடும்பம் சம்மதித்தால் மட்டும் என்று முடிவானது. ஒமேகாவில் ஒவ்வொரு பக்கத்துக்கும் இதைத் தனியாக அமைக்கலாம். எந்தப் பக்கம் ஏன் மூடியிருக்கிறது என்பதையும் விரிதாளில் எழுதியிருக்கிறோம்.

அடுத்து மேலாள்கள் எழுதிய கடிதங்கள். உங்கள் வீட்டுப் பெட்டகத்தில் இப்படி ஏதாவது இருந்தால் கேமராவைத் தேடுவதற்கு முன் பங்காளிகள் கையெழுத்தை வாங்கிவிடுங்கள். எங்கள் சம்மதப் படிவத்தையும் பத்தித் தலைப்புகளையும் கேட்டால் அனுப்புகிறேன்.