மணலில் புதைந்த எட்ஃபு: நான்கு ஞாயிறு, மூன்று தாள்

மூன்றாவது தாள் இப்போது மேசை மேல் காய்ந்துகொண்டிருக்கிறது. முதல் இரண்டும் கெட்டுப்போய்விட்டன. அதில் ஒன்றின் பின்பக்கத்தில் மளிகைச் சாமான் பட்டியல் எழுதியாகிவிட்டது.

பார்த்து வரைய எடுத்துக்கொண்ட படம், டேவிட் ராபர்ட்ஸ் 1838இல் எகிப்தின் எட்ஃபுவில் வரைந்த ஹோரஸ் கடவுளின் கோயில் முற்றம். ராபர்ட்ஸ் ஸ்காட்லாந்துக்காரர், செருப்புத் தைப்பவரின் மகன். வீடுகளுக்கு வண்ணம் பூசும் வேலை கற்று, நாடக மேடைக்குத் திரை எழுதி, அப்புறம்தான் ஓவியரானார். அந்த ஆண்டு கெய்ரோவில் படகு பிடித்து நைலில் அபு சிம்பெல் வரை போய்த் திரும்பினார். வழியில் வரைந்தவற்றைப் பின்னால் லூயி ஹேக் என்ற அச்சுக் கலைஞர் கல்லச்சுப் படங்களாக்கினார் (கல்லில் வரைந்து தாளில் அச்சிடும் முறை). நான் எகிப்துக்குப் போனதில்லை. எனக்குத் தெரிந்த எட்ஃபு எல்லாம் அந்த அச்சுப்படமும், இணையத்தில் கிடைக்கும் புகைப்படங்களும்தான். முதல் சொதப்பலுக்கு அந்தப் புகைப்படங்களே காரணம்.

முதல் ஞாயிறு. சாதாரண கார்ட்ரிட்ஜ் தாளில், பழைய தோற்றம் வரட்டும் என்று தேயிலைத் தண்ணீர் பூசினேன். தாள் அப்பளம் மாதிரி நெளிந்தது. சரி, போகட்டும் என்று அதன் மேலேயே பென்சிலால் வரைய ஆரம்பித்தேன். தூண்களின் அளவை இன்றைய புகைப்படத்திலிருந்து எடுத்து, முழுத் தூணையும் போட்டு, கீழ்ப்பாதியை ரப்பரால் அழித்து மணலாக்கினேன். தூண்கள் மணலில் புதைந்த மாதிரி இல்லை, யாரோ ரம்பத்தால் அறுத்துத் தரையில் வைத்த மாதிரி நின்றன. எங்கே தவறு என்று அன்று இரவு வரை புரியவில்லை.

மறுநாள் அச்சுப்படத்தின் மேல் அளவுகோலை வைத்துப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. கோளாறு பார்வை மட்டத்தில், அதாவது பார்ப்பவரின் கண் இருக்கும் உயரத்தில். இன்று அந்த முற்றத்தில் நின்று படம் எடுப்பவர் கல்தளத்தில் நிற்கிறார், தூணின் தலைப்பகுதியை அண்ணாந்து பார்க்கிறார். ராபர்ட்ஸ் நின்றது மணல்மேட்டின் மேல். நூற்றாண்டுகளாகச் சேர்ந்த மணலும் வண்டலும் ஊர்க் குப்பையும் முற்றத்தை நிறைத்து, தூண்களின் பெரும்பகுதியை விழுங்கியிருந்தன. கோயில் கூரை மேலேயே ஊர்க்காரர்கள் வீடு கட்டிக் குடியிருந்தார்கள். 1860களில் பிரெஞ்சுத் தொல்லியலாளர் ஒகுஸ்த் மரியெத் வந்து தோண்டிய பிறகுதான் தரை வெளியே தெரிந்தது. ஆக, ராபர்ட்ஸின் கண் தூணின் தலைக்குக் கிட்டத்தில் இருந்தது. கண்ணுக்கு நேரே இருக்கும் வட்டம் கிட்டத்தட்ட நேர்கோடாகத்தான் தெரியும். நானோ கீழிருந்து பார்க்கும் நீள்வட்டங்களைப் போட்டுவிட்டு அடியில் மட்டும் மணலைக் கொட்டியிருந்தேன். ஒரே தாளில் இரண்டு ஆட்கள் இரண்டு உயரத்தில் நின்று பார்த்த கதை.

இரண்டாவது ஞாயிறு. தடித்த (300 ஜிஎஸ்எம்) நீர்வண்ணத் தாளை ஏ3 அளவில் பலகையில் ஒட்டினேன். அடிவானக் கோட்டை, அதாவது கண் மட்டத்தை, முதலிலேயே இழுத்து, மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான் என்று வைத்துக்கொண்டேன். வரைவு நன்றாகவே வந்தது. ஒரே ஓர் இடத்தில் கை பழக்கத்துக்குப் போய்விட்டது. நம் கோயில்களைப் பல வருடம் வரைந்த கை. கொடுங்கை என்றால் வெளியே வந்து கீழே வளைந்து இறங்க வேண்டும் என்று அதற்குத் தெரியும். எகிப்தில் நேர் எதிர்: சுவர் உச்சியிலிருந்து மேலே எழும்பி வெளியே வளைகிறது. இரண்டு முறை அழித்தேன், மூன்றாவது முறைதான் கை கேட்டது. தூண்தலைகளில் பேரீச்சை ஓலை மாதிரி விரிபவை எளிது. பூவும் மொட்டும் அடுக்கடுக்காக வருபவைதான் உயிரை வாங்கின.

அந்தத் தாள் கெட்டது வெள்ளையால். முழுத் தாளுக்கும் எல்லோ ஓக்கர் என்ற மண்மஞ்சளில் கொஞ்சம் பர்ன்ட் அம்பர் என்ற அடர்பழுப்பு கலந்து சீராகப் பூசினேன். காய்ந்த பிறகு வெயில் விழும் இடங்களுக்கு வெள்ளை கவாஷ் (அடியில் உள்ளதை மறைக்கும் கனமான நீர்வண்ணம்) வைத்தேன். சுண்ணாம்பு அடித்த மாதிரி இருந்தது. வெயிலே வரவில்லை.

ஹேக் என்ன செய்தார் என்று அப்போதுதான் யோசித்தேன். இந்த வகைக் கல்லச்சில் குறைந்தது இரண்டு கற்கள். ஒன்றில் கொழுப்புச் சேர்ந்த கரிக்கோலால் வரைந்த கறுப்புப் படம், அதுவும் இடவலம் மாற்றி. இன்னொன்று மணல்நிறச் சாயத்துக்கு. வெளிச்சம் வேண்டிய இடத்தில் சாயக் கல்லைச் சுரண்டி எடுத்துவிடுவார்கள். அங்கே மை ஒட்டாது, தாளின் சொந்த வெள்ளை அப்படியே நிற்கும். விலை கூடின பிரதிகளுக்குத்தான் பிறகு கையால் வண்ணம். ஆக, அந்தப் படங்களில் வெயில் என்பது யாரும் பூசாமல் விட்ட இடம். இத்தனையும் ஹேக் இடது கையால் செய்தார், பிறவியிலேயே அவருக்கு வலது கை ஊனம். என் படச் சட்டகத்தில் ராபர்ட்ஸ் பெயருக்குப் பக்கத்தில் அவர் பெயரையும் எழுதப் போகிறேன்.

மூன்றாவது ஞாயிறு புதிய தாள். மணல்நிறம் பூசும்போதே வெயில் இடங்களைச் சுற்றிக்கொண்டு போனேன். தூண்தலைகளின் இடது விளிம்பு, மேல் உத்தரத்தின் அடிக்கோடு, மணல்மேட்டின் ஒரு சரிவு, அவ்வளவுதான். நிழலுக்கு அல்ட்ராமரீன் நீலமும் பர்ன்ட் அம்பரும், தண்ணீர் நிறைய விட்டு. காயும்வரை தொடக்கூடாது என்பது எனக்கு ஒரு தண்டனை, ஆனால் இந்த முறை தொடவில்லை. வெயில் வந்தது!

நான்காவது ஞாயிறு முழுக்க மனிதர்கள். தலைப்பாகையும் அங்கியுமாக ஆட்களை வைத்தேன். தொலைவில் நின்ற மூவரைக் கண்ணை நம்பிப் போட்டதில் குள்ளர்களாகிவிட்டார்கள். சமதரையில் நிற்பவர்கள் எவ்வளவு தள்ளி நின்றாலும் நம் உயரம்தான் என்றால் தலை அடிவானக் கோட்டில்தான் வர வேண்டும், மாறுவது கால்தான். இது தெரிந்த பாடம், ஆனாலும் தவறினேன். ஈரத் தூரிகையால் தேய்த்து எடுத்து மறுபடி போட்டேன். ஒருவருக்கு மட்டும் தோளைச் சுற்றிக் கறை நிற்கிறது, அவர் பானை சுமப்பவர் ஆகிவிட்டார்.

ஆட்களை வைத்ததும் கல்லின் கனம் கூடியது. முன்பக்கத்தைக் கொஞ்சம் இருட்டாக்கி, ஒளியைப் பின்னால் தள்ளியதும் இன்னும் ஆழம். இது சுத்தமான மேடை வேலை என்று எனக்குத் தோன்றுகிறது. திரை எழுதியவருக்குக் கைவந்த தந்திரம்.

குறைகள்: கல்வெட்டுச் சித்திர எழுத்துகள் என் கையில் கோழிக் கிறுக்கல். வலது ஓரத் தூண் கொஞ்சம் தடித்துவிட்டது. பார்ப்பவர்கள் சொல்லமாட்டார்கள், எனக்குத் தெரியும்.

அடுத்தது எகிப்தின் ஃபிலே தீவுக் கோயில். ராபர்ட்ஸ் அங்கே தூண் மண்டபத்தின் உள்ளே போய் நீலமும் பச்சையுமாகப் போட்டிருக்கிறார். 1902இல் முதல் அஸ்வான் அணை வந்த பிறகு கோயில் ஆண்டில் பல மாதம் தண்ணீரில் நின்றது, அந்த வண்ணங்கள் கரைந்துபோயின. இப்போது அது பக்கத்துத் தீவில் கல் கல்லாகப் பிரித்துக் கட்டிய கோயில். புகைப்படத்தைப் பார்த்து வண்ணம் எடுக்க வழியில்லை, அவர் படம் மட்டும்தான். கோபால்ட் டர்க்காய்ஸ் என்ற நீலப்பச்சை வண்ணத்தில் சின்ன டியூப் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். விலையை வீட்டில் சொல்லவில்லை.