இரண்டாம் கட்டுக் கதவு

நவம்பர் 20
ஆத்தாவுக்கு இன்று இரண்டு ஸ்பூன் கஞ்சி. மூன்றாவதைத் துப்பிவிட்டாள்.
1941-ல் இதே தேதியில்தான், ஜெர்மன் படை முற்றுகையிட்டிருந்த ரஷ்ய நகரமான லெனின்கிராட்டில் ரொட்டிப் பங்கு 125 கிராமுக்கு இறங்கியது. குழந்தைகளுக்கும் வேலையில் இல்லாதவர்களுக்கும் ஒரு நாளைக்கு அவ்வளவுதான்.

நவம்பர் 21
காரைக்குடியில் ரொட்டி வாங்கிவந்து சமையலறைத் தராசில் வைத்தேன். நான்கு துண்டு 118 கிராம். ஐந்தாவதில் ஓரத்தைக் கிள்ளிப் போட்டதும் 125. ஆனால் அவர்களுடைய ரொட்டி இப்படிப் புசுபுசுவென்று இருந்திருக்காது. ரை என்ற தானிய மாவோடு பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு, மரத்திலிருந்து எடுத்த செல்லுலோஸ், ஏகத்துக்கும் தண்ணீர். ஈரக் களிமண் மாதிரி கனக்கும், ஆகவே துண்டு இதைவிடச் சின்னது. நம் கட்டுத்துறையில் மாட்டுக்கு ஊறவைத்த அதே புண்ணாக்கு. கிள்ளியது போக மிச்சத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

நவம்பர் 23
கதவு பூட்டியேதான் இருக்கிறது. சித்தப்பா இருமுவது கேட்கிறது.

நவம்பர் 26
கார்த்திகை. வளவில் நம் பங்குத் தூண்கள் வரை விளக்கு வைத்தோம். அதற்கப்பால் இருட்டு. பிள்ளையார் நோன்புக்கு, நாளுக்கு ஒன்றாக 21 நூலிழையில், முதல் இழை எடுத்துவைத்தேன்.
"அங்கிட்டு விளக்குப் போட்டாகளா?" என்றாள் ஆத்தா. போட்டாக என்றேன்.

நவம்பர் 29
மகள் போனில் கேட்டாள்: "பின்லாந்துக்காரங்க நல்லவங்களா, கெட்டவங்களா அப்பச்சி?" ஏதோ சொல்லிச் சமாளித்தேன். தூக்கம் போய்விட்டது.
37 லட்சம் பேர் இருந்த நாடு. 1939 நவம்பர் 30-ல் ஸ்டாலின் படை நுழைந்தது. 105 நாள் தாக்குப்பிடித்தும் எல்லையோரக் கரேலியா கைவிட்டுப் போயிற்று. 4 லட்சத்துக்கும் அதிகமானோர் வீடு வாசலை விட்டுக் கிளம்பினார்கள். 1941-ல் ஹிட்லரோடு சேர்ந்து திருப்பி எடுத்தார்கள். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. தானியம் ஜெர்மனியிலிருந்து வரவேண்டியிருந்தது, அதுவும் புரிகிறது. லெனின்கிராட்டுக்கு வடக்கே, பழைய எல்லையை ஒட்டி நின்றுவிட்டார்கள். ஜெர்மன் ஜெனரல் யோடல் செப்டம்பரில் நேரில் வந்து கேட்டும் பின்லாந்துத் தளபதி மன்னர்ஹைம் அசையவில்லை. இளவயதில் ரஷ்யப் பேரரசர் ஜாரின் குதிரைப்படையில் அதே நகரத்தில் இருந்த மனிதர்.
சரி, நின்றார்கள். ஆனால் நின்ற இடத்திலேயே வடக்கு வழி அடைந்தது. தெற்கே ஜெர்மானியர், வடக்கே இவர்கள், நடுவில் மிச்சம் லடோகா ஏரி. அது உறைந்த பிறகுதான் பனிக்கட்டி மேல் லாரிகள் போயின.
"ஒரு அடிகூட எங்க பங்கைத் தாண்டல" என்று வக்கீலிடம் நானும்தான் சொல்லியிருக்கிறேன். கிணறு நம் பக்கம்.

டிசம்பர் 2
ஒரு ஸ்பூன். ஏழாவது இழை.

டிசம்பர் 6
பின்லாந்தின் சுதந்திர தினம். 1941-ல் பிரிட்டன் இதே நாளில்தான் அவர்கள்மேல் போர் அறிவித்தது. ஐயா அப்போது ரங்கூனில். 17 நாள் கழித்து அங்கே ஜப்பான் குண்டு விழுந்தது. நடந்தே ஊர் வந்த கதையில் ஐயா, தண்ணீர் கொடுத்தவர்களைப் பற்றி மட்டும்தான் சொல்வார்.

டிசம்பர் 8
மகளுக்கு நீளமாக எழுதி அழித்துவிட்டேன். கிழக்குக் கரேலியாவில் அவர்கள் பழைய எல்லையில் நிற்கவில்லை, ஸ்விர் ஆறு வரை போனார்கள். அங்கிருந்த ரஷ்யக் குடும்பங்களை முகாம்களில் அடைத்தார்கள். நாலாயிரம் பேருக்கு மேல் பசியிலும் நோயிலும் செத்தார்கள். 'பின்லாந்திலும் அப்போது சாப்பாட்டுத் தட்டுப்பாடு' என்று ஒரு வரி சேர்த்தேன். சேர்த்ததும் என்மேலேயே எரிச்சல்.

டிசம்பர் 9
ஒன்றும் இறங்கவில்லை. தட்டு அப்படியே இருக்கிறது.

டிசம்பர் 11
தண்ணீர் லாரி வந்தது. சின்னாத்தா இடுப்பில் குடத்தோடு மூன்று நடை நடந்தாள். எழுபது வயது. நான் முகப்பில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். ஒரே பக்கத்தை.

டிசம்பர் 14
தலையணை உறை மாற்றும்போது சாவி விழுந்தது. இத்தனை நாளும் ஆத்தா தலைமாட்டிலேயே இருந்திருக்கிறது. தராசில் வைத்தேன். 96 கிராம்.

டிசம்பர் 16
21-வது இழை.
"உங்க சித்தப்பாவுக்கு இழை குடுத்தாச்சா?" நோன்பு நாளைக்குத்தான் ஆத்தா என்றேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.
பூட்டில் தேங்காய் எண்ணெய் விட்டிருக்கிறேன். துரு இன்னும் ஊறவில்லை